இரண்டு விலை சொன்ன மேடம்

மேடம் வலது கையால் தயிர்சாதம் சாப்பிடுவார். இடது கை மவுஸின் மேல் இருக்கும். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த இடது கைதான். மணிக்கட்டில் கறுப்பு வார் போட்ட கடிகாரம். பாத்திரத்தைப் பார்க்க மாட்டார், திரையைப் பார்த்தபடியே சாப்பிடுவார். நாரத்தங்காய்த் துண்டு மேஜையில் விழுந்தால்கூட அவருக்குத் தெரியாது. நான் துணி கொண்டுபோய்த் துடைப்பேன். ஆரம்பத்தில் ஒருநாள், "ஒரு அரை மணி நேரம் எந்திச்சுப் போயிச் சாப்பிட்டா என்ன மேடம்?" என்று கேட்டேன். "நான் எழுந்தா கடைய சாத்தின மாதிரியாக்கும், அண்ணாச்சி" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் பணகுடி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. திருவனந்தபுரத்துக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவன், கை வெந்து, பிறகு இந்த ஆபீசில் சேர்ந்தேன். ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கம் பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பங்கு வாங்கி விற்கிற ஆபீஸ். காலையில் திறப்பது, பெருக்குவது, சாயா போடுவது, கூரியர் கொடுப்பது, இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நான். இந்த ஊரில் தமிழ் பேசுகிற ஆம்பிளையை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். கடை வைத்திருக்க வேண்டும் என்று இல்லை. மேடம் என்னைவிடப் பத்து வயது இளையவர். கரமனை அக்கிரகாரத்துக்காரர். ஆபீசில் தமிழ் பேச எங்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை. அவர் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. ஆனாலும் தமிழ்.

அவருடைய வேலை என்ன என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. சின்னக் கம்பெனி ஒன்று புதிதாகச் சந்தைக்கு வருகிறது. அதன் பங்கை வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், விற்கிறவர்கள் கொஞ்சம் பேர். இன்றைக்கு விற்க வந்தவனுக்கு வாங்குகிற ஆள் அடுத்த வாரம்தான் வருவான் என்றால் அந்தப் பங்கை யார் தொடுவார்கள்? அதனால் முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு ஆபீஸ் பொறுப்பேற்க வேண்டும். மார்க்கெட் மேக்கர் என்பார்கள். இந்த விலைக்கு நான் வாங்குவேன், இந்த விலைக்கு நான் விற்பேன் என்று இரண்டு விலையையும் திரையில் போட்டுவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். யார் வந்து தட்டினாலும் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்துக்கொள்ள வேண்டும். தட்டின பிறகு வேறு விலை சொல்லக் கூடாது. இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் ஆபீசுக்குக் கூலி. அந்த இடைவெளியையும் இஷ்டத்துக்கு அகலமாக்க முடியாது, அதற்கும் அளவு உண்டு. சந்தை நேரத்தில் முக்கால் பங்கு இருந்தே ஆக வேண்டும். மீதிக் கால் பங்கு எழுந்து போகலாம். மேடம் அந்தக் கால் பங்கையும் எடுக்க மாட்டார். தயிர்சாதத்தின் கதை அதுதான்.

எங்கள் ஆபீஸ் பொறுப்பேற்றிருந்தது ஒரு ரப்பர் சாமான் கம்பெனிக்கு. மேடம் அந்த மேஜையில் தனி. யாராவது போன் செய்து, "மேடம், எனக்கு விற்கணும், என்ன விலை?" என்று ஆரம்பித்தால் உடனே நிறுத்துவார். நேரில் வந்தவர்களுக்கு உள்ளங்கையைக் காட்டுவார், போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. "வாங்கணுமா விக்கணுமான்னு எங்கிட்ட சொல்லாதேங்கோ. மொதல்ல ரெண்டு விலையையும் கேளுங்கோ." திரையில் இருக்கிற அதே விலைதான், யார் என்ன சொன்னாலும் மாறப் போவதில்லை. இருந்தாலும் அவருக்கு அது ஒரு வழக்கம். விற்க வந்தவன் என்று தெரிந்தால் மனசு விலையைக் கொஞ்சம் இறக்கப் பார்க்கும், வாங்க வந்தவன் என்று தெரிந்தால் ஏற்றப் பார்க்கும், அந்த ஆசைக்கே இடம் கொடுக்கக் கூடாது என்பார். நான் சாலைச் சந்தையில் காய் வாங்கப் போகிறபோது இதை யோசித்திருக்கிறேன். எந்தக் கடைக்காரன் நான் யார் என்று பார்க்காமல் விலை சொல்லியிருக்கிறான்?

ஒரு சித்திரை மாதம் ஊரிலிருந்து பலாப்பழம் வந்தது. என் சம்சாரம் ஒன்றை ஆபீசுக்குக் கொடுத்துவிட்டாள். எல்லாருக்கும் சுளை எடுத்துக் கொடுத்தேன். மேடம் இரண்டு சுளை தின்றுவிட்டு, "அண்ணாச்சி, இதே மாதிரி ஒரு பழத்துக்கு நீங்க மார்க்கெட் மேக்கர்னு வெச்சுக்கோங்கோ. ரெண்டு விலையும் சொல்லுங்கோ பாக்கலாம்" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடத்துக்குப் பழம் பிடித்துவிட்டது, வாங்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். விற்கிற விலையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். "எம்பது ரூவாய்க்கு வாங்குவேன். நூறு ரூவாய்க்கு விப்பேன்."

"சரி. எம்பதுக்கு நான் வித்தேன்" என்றார் மேடம்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எங்கிட்டயா?"

"பின்னே? எங்காத்துக் கொல்லையில ரெண்டு பழுத்து, ஈ மொச்சிண்டு கெடக்கு. வாங்க ஆள் இல்லே."

ஆபீஸ் முழுவதும் சிரித்தது. விளையாட்டு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் மேடம் கரமனையிலிருந்து பஸ்ஸில் ஒரு பலாப்பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மூன்று மாடி தானே தூக்கி வந்து, மூச்சு வாங்க, என் முன்னால் வைத்தார். கையை நீட்டினார். எண்பது ரூபாய் கொடுத்தேன். எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிடக்க, மூன்றாவதையும் தோளில் வைத்துக்கொண்டு நான் போய் நின்றபோது சம்சாரம் பேசின பேச்சை எழுத முடியாது. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த வேலை புரிந்தது. வாங்க வருகிறவன் என்று நாம் நினைத்தது நம் பிசகு. சொன்ன பிறகு பழம் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

மேடம் விலை போடுவதை நான் வருஷக் கணக்கில் பார்த்திருக்கிறேன். சாயா வைக்கிறபோது அந்தத் திரையை ஒரு பார்வை பார்ப்பேன். அவர் கையில் பங்கு அதிகம் சேர்ந்துவிட்டால் இரண்டு விலையும் ஒரு படி கீழே இறங்கும். சரக்கு குறைந்தால் இரண்டும் ஒரு படி மேலே ஏறும். ஒரு கையால் தராசு பிடிக்கிற மாதிரிதான். ஒரு தட்டு தாழ்ந்தால் கொஞ்சம் எடுத்து மறு தட்டில் போடுவது. பல நாள் யாருமே வர மாட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை இரண்டு எண்கள், அப்படியே. யாரும் கேட்காத விலையை ஏன் இப்படிக் காவல் காக்கிறார் என்று எனக்குத் தோன்றியதுண்டு.

அந்தக் கெட்ட நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ரப்பர் கம்பெனி அனுப்பிய சரக்கை வெளிநாட்டுக்காரன் மொத்தமாகத் திருப்பிவிட்டான் என்று காலையில் செய்தி வந்தது. பங்கு வைத்திருந்த எல்லாரும் விற்க ஓடினார்கள். ஒரு நாளில் எவ்வளவு விழலாம் என்று ஒரு எல்லை உண்டு. திறந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த எல்லைக்கு விழுந்துவிட்டது. வாங்குகிற பக்கம் மேடத்தைத் தவிர யாரும் இல்லை. அவர் வாங்க வாங்க, அடுத்தவர் விற்றார். போதாத குறைக்கு மோடம் வேறு பழுதாகி ஒன்றரை மணி நேரம் இணைப்பு இல்லை. மோடம் கம்பெனிக்காரன் வந்து சரி செய்தான். இணைப்பு வந்ததும் மேடம் மறுபடியும் விலையைப் போட்டார். அன்றைக்குத் தயிர்சாதப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

சார் அவர் பக்கத்தில் வந்து நின்றார். சார் என்றால் எங்கள் முதலாளி. மலையாளி. கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டை அடமானம் வைத்து ஆபீஸ் நடத்துகிறவர். எங்களிடம் தமிழ் கலந்து பேசுவார்.

"எந்தா மேடம் இது? எல்லாரும் இறங்கி ஓடறப்ப நாம மட்டும் வாசல்ல நின்னு வாங்கிக் கூட்டணுமோ? திங்கக்கிழமை இதுக்கு என்ன விலை? விலையை எடுத்துடுங்க."

"எடுக்கப்படாது சார்."

"கால் பங்கு நேரம் லீவு உண்டல்லோ?"

"காலம்பற மோடம் கேடாயிருந்ததுல அது தீந்து போச்சு." மேடம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "சார், இத்தனை நாளா ரெண்டு விலையும் போட்டுண்டு உக்காந்திருந்தோம். ஒருத்தர் திரும்பிப் பாக்கலை. இன்னிக்குத்தான் நம்மளத் தேடி வரா. இன்னிக்கு இல்லேன்னா பின்னே நாம என்னத்துக்கு?"

சார் அங்கிருந்து நகர்ந்தார். மணி மூன்று ஆகப் போகிறது. மூன்றரைக்குச் சந்தை அடைக்கும். என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். கார் சாவி கையில் இருந்தது. முகம் வேர்த்திருந்தது.

"அண்ணாச்சி, ஒரு காரியம். இன்வெர்ட்டர் ஆஃப் ஆக்கு. பின்னே கீழ போய் மெயின் சுவிட்ச தாழ்த்து. அரை மணிக்கூர் மதி. ஆராவது கேட்டா கரண்ட் போயி, இன்வெர்ட்டரும் கேடு. அவ்வளவுதான்." அரை மணி நேரம் போதும் என்கிறார். அதற்குள் சந்தை அடைத்துவிடும். "ஞான் இல்லாம ஆனா உங்க சம்பளமும் இல்லை. மனசிலாயோ?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. சொல்லிவிட்டு இறங்கிப் போய்க் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நான் சொன்னதைச் செய்து பழகினவன். சமையல் கட்டில் இன்வெர்ட்டரை அணைத்தேன். கரண்ட் இருந்ததால் உள்ளே யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஆபீசுக்கு மட்டுமான மெயின் இருப்பது கீழே, படிக்கட்டுக்கு அடியில். இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார், கைப்பிடியைப் பிடித்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு. வித்துராவிலிருந்து வருகிற ஓய்வு பெற்ற டீச்சர். போனில் விற்க வாங்கத் தெரியாது, நேரில்தான் வருவார். ஓய்வுப் பணத்தில் அந்த ரப்பர் கம்பெனியில் ஒரு லாட் வாங்கியிருந்தார். லாட் என்றால் ஒரு கட்டு, அதற்குக் குறைந்து விற்க முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேலே. மழையில் அவர் வீட்டுக்குப் பின்னால் மண் இடிந்திருந்தது. கல்லுச் சுவர் கட்ட ஆள் பேசியிருப்பதாகப் போன வாரமே சொன்னார். இன்னொரு மழைக்கு வீடு நிற்காது என்றும் சொன்னார்.

"மேடம் உண்டோ, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"உண்டு டீச்சர். மெல்ல ஏறுங்க" என்றேன்.

அவர் மேலே ஏறினார். நான் கீழே இறங்கினேன். மெயின் சுவிட்சின் கைப்பிடியைத் தாழ்த்தினேன். இதை நான் மாற்றி எழுதப் போவதில்லை. டீச்சர் எதற்கு ஏறிப் போகிறார் என்று தெரிந்துதான் தாழ்த்தினேன்.

மேலே வந்தபோது ஆபீஸ் அமைதியாக இருந்தது. மின்விசிறி நின்று, காகிதங்கள் அடங்கிக் கிடந்தன. டீச்சர் மேடத்தின் முன்னால் நாற்காலியில் இருந்தார். "மோளே, இன்னைக்கு விக்கான் பற்றுமோ?" இன்றைக்கு விற்க முடியுமா என்று கேட்கிறார். மேடம் அவர் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு செல்போனை எடுத்தார். விலை நின்றுபோனால் காரணத்தையும், எப்போது திரும்பும் என்பதையும் மும்பையில் பங்குச் சந்தைக்கு உடனே சொல்ல வேண்டும். போன் காதில் இருக்க, எதிர்முனைக்குக் காத்திருந்தார்.

அப்போது கீழே ஜூஸ் கடையில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் கட்டடத்துக் கடைதான், அங்கே கரண்ட் இருந்தது. ஒரு மாதுளை ஜூஸ் அரைக்கிற நேரம் ஓடி நின்றது.

மேடம் தலையைத் தூக்கினார். ஜன்னலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என்னைத் திட்டியிருக்கலாம், கேள்வி கேட்டிருக்கலாம். "கரண்ட் எப்ப வரும், அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே கரண்ட் போனால் எப்படிக் கேட்பாரோ அதே மாதிரி.

அரை மணி நேரம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். "பத்து நிமிசம்" என்று வந்தது.

எதிர்முனையில் ஆள் வந்துவிட்டான். மேடம் இங்கிலீஷில் பேசினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் டென் மினிட்ஸ் தெரியும். நடுவில் அண்ணாச்சி என்ற சொல்லும் வந்தது. போனை வைத்துவிட்டு டீச்சரிடம் சொன்னார்: "பத்து நிமிஷம் உக்காருங்கோ டீச்சர். எங்க அண்ணாச்சி சொல்லியாச்சு. மும்பைலயும் சொல்லிட்டேன்." பிறகு கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

நான் இறங்கிப் போனேன். படிக்கட்டுக்கு அடியில் கொசு. செல்போனில் மணி பார்த்தபடி நின்றேன். உடனே போட்டிருக்கலாம், யார் தடுத்தார்கள்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை. சார் சொன்ன அரை மணி ஒரு பக்கம், நான் சொன்ன பத்து நிமிஷம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நின்றேன். ஒன்பதாவது நிமிஷம் போன் அதிர்ந்தது. சார். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. நான் எடுக்கவில்லை. பத்து ஆனதும் கைப்பிடியை மேலே தள்ளினேன். ஒரே தள்ளில் ஏறவில்லை. இரண்டாம் தள்ளில் ஏறியது.

மூன்று மாடி ஓடி வந்து இன்வெர்ட்டரையும் போட்டேன். மேடத்தின் திரையில் விலை வந்தாயிற்று. திரை வரிசையில் டீச்சருக்கு முன்னால் வேறு மூன்று பேர் விற்கக் காத்திருந்தார்கள். முன்னால் நிற்கிறவரைத் தள்ளிவிட்டுத் தெரிந்தவரிடம் வாங்க முடியாது. மேடம் மூன்று பேரிடமும் வாங்கினார். நான்காவதாக டீச்சருடையது. சந்தை அடைக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. "கழிஞ்ஞோ மோளே?" முடிந்ததா என்று டீச்சர் கேட்டார். "கழிஞ்ஞு டீச்சர். நஷ்டம்தான். ஆனா காசு வந்துடும்" என்றார் மேடம். டீச்சர் எழுந்து மேடத்தின் தலையில் கை வைத்தார். என்னைப் பார்த்தும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் எப்படி முகம் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

நாலு மணிக்கு சார் வந்தார். "ஆரா கரண்ட் இட்டது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சாயாத் தட்டோடு நின்றேன். என் வாய் திறப்பதற்குள், "நான்தான் போடச் சொன்னேன்" என்றார் மேடம். சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சாயாவை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

பங்கு பிறகு ஏறியிருந்தால் கதை அழகாக இருக்கும். ஏறவில்லை. திங்கட்கிழமையும் விழுந்தது, செவ்வாய்க்கிழமையும் விழுந்தது. சார் காரை விற்றார். அந்த ஓணத்துக்கு எங்கள் எல்லாருக்கும் போனஸ் பாதிதான். மேடத்துக்கு அதுவும் இல்லை. சார் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மேஜையில் ஆள் இல்லாமல் முடியாது என்பதால் வைத்திருந்தார். நாலு மாதத்தில் அந்தக் கம்பெனியின் மூன்று வருஷம் முடிந்தது. இனி இந்த வேலையே எடுக்கப் போவதில்லை, மேடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேடம் பாத்திரத்தையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்.

கொச்சியில் ஒரு ஆபீஸ் இதே வேலைக்கு அவரை எடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் பழைய ஆபீசிலிருந்து, இத்தனை வருஷம் வேலை பார்த்தார், ஒழுங்காகப் பார்த்தார் என்று கடிதம் வேண்டும். சார் தரவில்லை. "ஞான் சொன்னதை மீறினவருக்கு ஞான் என்ன எழுதணும்?" என்று என் காதுபடச் சொன்னார். மேடம் மூன்று தடவை வந்தார். வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சாயா கொண்டுபோய்க் கொடுத்தேன். "நன்னா இருக்கேளா அண்ணாச்சி?" என்பார். இருக்கேன் என்பேன். மூன்றாம் தடவை சார் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். நான்தான் போய்ச் சொன்னேன். மேடம் கண்ணாடிக் கதவு வழியாக சாரின் செருப்பைப் பார்த்தார். "சரி" என்று எழுந்தார். கொச்சிக்காரர்கள் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பார்கள் என்று படியிறங்கும்போது சொன்னார்.

அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சம்சாரம் நோண்டி நோண்டிக் கேட்டதும் நடந்ததைச் சொன்னேன். "அந்தம்மா ஒம்ம வேலையக் காப்பாத்துச்சு. அப்ப நீரு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?" என்றாள். "வேல போயிருமேன்னு..." என்றேன். "போனா போவுது. ரெண்டு கையும் இருக்குல்லா?" என்று சொல்லிவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பிட்டு முடித்தேனா என்று பார்க்கவில்லை.

மறுநாள் சார் வந்து உட்கார்ந்ததும் உள்ளே போனேன். தட்டு இல்லாமல் போனேன்.

"சார், அன்னைக்கு கரண்டு போட்டது நான். மேடம் போடச் சொல்லல."

சார் தலையைத் தூக்கினார். "பின்னே மேடம் எதுக்கு அப்படிப் பறஞ்சது?"

"எனக்கு வேல போயிரும்னு."

"அரை மணிக்கூர்னு அல்லே ஞான் சொன்னது?"

"ஆமா சார். நான் மேடத்துக்கிட்ட பத்து நிமிசம்னு சொல்லிட்டேன்."

அவர் வெளியே பார்த்தார். அந்த ஜன்னலில் பார்க்க ஒன்றும் கிடையாது, பக்கத்துக் கட்டடத்தின் குழாய்தான். அணைக்கச் சொன்னது அவர் என்பதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசியில், "ஒரு சாயா" என்றார். இந்த ஆபீசில் நான் போடுகிற கடைசிச் சாயா என்று நினைத்துக்கொண்டே போட்டேன். கொண்டுபோனபோது பிரிண்டரிலிருந்து ஒரு தாள் வந்துகொண்டிருந்தது. சார் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, கவரில் போட்டு நீட்டினார். "கரமனையில கொண்டு கொடு."

"சார், என் வேல?"

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சாயாயில பஞ்சாரை இட்டில்லை, அண்ணாச்சி." சர்க்கரை போட மறந்திருந்தேன். போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு. இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

மேடம் இப்போது கொச்சியில் இருக்கிறார். இரண்டு கம்பெனிக்கு விலை போடுகிறார் என்று கேள்வி. எங்கள் ஆபீசில் இப்போது அந்த மேஜை கிடையாது. எல்லாரும் செல்போனிலேயே விற்று வாங்குகிறார்கள். எப்போதாவது ஒரு வயசானவர் மூன்று மாடி ஏறி வந்து, இதை வாங்க ஆள் இருக்கிறதா என்று ஏதோ ஒரு சின்னக் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்பார். திரையைப் பார்த்துவிட்டு, இல்லை என்பார்கள். நான் அவருக்குத் தண்ணீர் கொடுப்பேன். இந்த வேலை எதற்கு என்று முன்னால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை.

கடிதம் கொண்டுபோன அன்று கரமனையில் அந்தத் தெருவுக்கு நான் போனது முதல் தடவை. வாசலில் நின்று கூப்பிட்டேன். மேடம் வந்து, "என்ன வாசல்லயே நிக்கறேள்? உள்ள வாங்கோ" என்றார். தயங்கினேன். மறுபடியும் சொன்னார். உள்ளே போய் உட்கார்ந்தேன். காபி கொடுத்தார். அவருக்கும் அதே மாதிரி டம்ளரில் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"தானா கொடுத்தாரா?"

"நடந்ததச் சொன்னேன்."

"வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்பேள்?"

"பணகுடிக்கு பஸ்ஸு இருக்குல்லா மேடம்."

சிரித்தார். கடிதத்தை மடித்துக் கவரில் வைத்தார். பிறகு சிரிப்பு இல்லாமல், என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"அணைச்சது அவர் சொல்லி. அது தெரியும், அண்ணாச்சி. போட்டது யார் சொல்லி?"

காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"யாரும் சொல்லல மேடம். பத்து நிமிசம் ஆயிட்டு" என்றேன்.